கம்ப்ரஸர் போகவில்லை

மலையில் பிறந்தவர்கள் கீழே இறங்கி வந்து ஏசி மாட்டிக்கொண்டால் மேலே இருப்பவர்கள் சிரிப்பார்கள். செண்பகனூரில் எங்கள் பழைய வீட்டுக்கு அடுத்த வீட்டு அம்மா இன்றும் என்னைப் பார்த்தால், "என்ன டீச்சர், மேல சும்மா கெடைக்கிற குளுர கீழ காசு குடுத்து வாங்குறீங்களாமே?" என்பார். ஆமாம், வாங்குகிறேன். அதற்கு நான் வெட்கப்படவில்லை. (நான் டீச்சர் இல்லை. கொடைக்கானலில் ஒரு பள்ளி நூலகத்தில் புத்தகங்களுக்குத் தேதி முத்திரை குத்திக்கொண்டிருந்தவள். பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்கிய எல்லாப் பெண்களும் எங்கள் ஊரில் டீச்சர்தான்.)

என் வீட்டுக்காரர் முப்பத்து நான்கு வருடம் டாக்ஸி ஓட்டினார். விடியற்காலைப் பனியில் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டி மலைப்பாதையில் வளைவு பார்த்து ஓட்டிய காலம் அது. நெஞ்சு அப்போதே கெட்டிருக்க வேண்டும். தெரியவந்தது ஓய்வுக்குப் பிறகு. அடுத்தடுத்து இரண்டு ஜனவரி மாதங்கள் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் குழாயோடு கழிந்தன. முதல் வருடம் ஆறு நாள், இரண்டாம் வருடம் பதினொரு நாள். டாக்டர் அவரிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார்: "மூணாவது குளுருக்கு இவர மேல வச்சுக்காதீங்கம்மா." அந்தப் பதினொரு நாளும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். அதனால் யார் என்ன சொன்னாலும் எனக்குக் கேட்காது.

இருந்த பணத்தையெல்லாம் திரட்டி மலையடிவாரத்து அய்யம்பாளையத்தில் ஒரு சின்ன வீடு வாங்கினோம். சுற்றிலும் தென்னந்தோப்பு. பார்க்கக் குளுமையாக இருக்கும். பங்குனி பிறந்துவிட்டால் தெரியும் சங்கதி. அது மட்டுமில்லை. தெருமுனையில் தேங்காய் மட்டை உரிக்கும் களம். நாள் முழுக்க நார்த்தூசி பறக்கும். ஜன்னலைத் திறந்தால் அவருக்கு இருமல், மூடினால் மூச்சுமுட்டல். அதனால் ஓர் அறைக்கு மட்டும் ஓர் ஏசி. ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் அவரைப் போல மூச்சு வாங்கிப் பார்க்கட்டும்.

அவருக்குக் கீழ்நாடு பிடிக்கவில்லை. வந்து இரண்டரை வருடம் ஆகியும் பிடிக்கவில்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டால், "மேலயே போயிருவோம்." கரண்ட் போனால், "மேலயே போயிருவோம்." மகன் பழைய வீட்டிலேயே குடும்பத்தோடு இருக்கிறான், ஓட்டலில் வேலை. அவனும் போனில், "அப்பா ஆசைப்படுறாருல்லம்மா, ஒரு வாரம் அனுப்புங்களேன்" என்பான். ஒரு வாரம் என்று போனால் அவர் திரும்பமாட்டார் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அதைச் சொல்லாமல் மற்ற இருவரும் பேசுவார்கள்.

இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமை பிற்பகல் மூன்றரைக்கு ஏசி நின்றது. நின்றது என்பது சரியில்லை. உள்ளே காற்று வந்துகொண்டே இருந்தது; குளிர் வரவில்லை. வெளியே சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியில் காற்றாடி சுற்றியது. ஆனால் நான்கைந்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளிருந்து 'உம்ம்ம்' என்று ஒரு முக்கல், பிறகு 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி. இதை நான் நேரத்தோடு நோட்டில் எழுதி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை வத்தலக்குண்டில் ஒரு கடையிலிருந்து மெக்கானிக் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல சட்டை. பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு ஸ்பேனரும் இருந்தன. பெட்டியின் மேல்மூடியில் உள்ளங்கையை வைத்தார். கையை உதறினார். அந்த 'உம்ம்' சத்தத்துக்காகக் காத்திருந்து, காதைக் கொடுத்துக் கேட்டார்.

"கம்ப்ரஸர் போச்சுங்கம்மா."

"தொறந்து பாக்கலையே?"

"சத்தமே சொல்லுதே. பதினாறாயிரத்து ஐநூறு கம்ப்ரஸர், கேஸ் மூவாயிரத்து ஐநூறு, கூலி ரெண்டாயிரம். இருபத்திரெண்டு ஆச்சா? அதுக்குப் பேசாம புதுசு வாங்கிருங்க. பழச மூவாயிரத்துக்கு நானே எடுத்துக்கிறேன்."

மூன்று வருடம்கூட ஆகாத மெஷினை மூவாயிரத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் கருணையோடு சொல்லும்போது எனக்குக் கருணை வராது. நோட்டை நீட்டினேன்.

"இப்ப சொன்னத அப்படியே இதுல எழுதி, இன்னைக்குத் தேதி போட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க தம்பி. என்ன கோளாறு, எதனால, எவ்வளவு."

"எழுத்தெல்லாம் எதுக்குங்கம்மா? வாய்ச் சொல்லு போதாதா?"

"எனக்கு ஞாபகமறதி."

"அம்மாவுக்கு ஞாபகமறதியா? சாருக்குப் பேச்சுமறதியா?" என்று சிரித்துக்கொண்டே என் வீட்டுக்காரரைப் பார்த்தார். உண்மைதான். வாசல் நாற்காலியில் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்ஸியைப் பட்டறையில் விட்டால் மெக்கானிக்கின் முதுகுக்குப் பின்னாலேயே நின்று, ஒரு நட்டைக் கழற்றினாலும் ஏன் என்று கேட்கிற ஆள். அன்று தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சு முடியவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

மெக்கானிக் எழுதவில்லை. வந்து பார்த்ததற்கு நானூறு ரூபாய் கேட்டார். போனிலேயே சொல்லியிருந்தார், அதனால் கொடுத்தேன். எழுதித் தர மறுத்தார் என்பதை நான் எழுதி வைத்தேன்.

அவர் வண்டி தெரு திரும்புவதற்குள் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "இருபத்திரெண்டாயிரம். இந்தா, கணக்குச் சரியாப் போச்சு. உயிர்த்த ஞாயிறுக்கு, மேல இருக்க நம்ம கோவிலுக்குப் போவோம். அப்படியே இருந்துட்டு, வெயில் கொறைஞ்சதும் வருவோம்."

"வெயில் எப்பக் கொறையும்?"

"ஆடியில காத்து அடிக்கும்."

"ஆடியில மேல மழையும் குளுரும். அப்பறம் ஐப்பசி. அப்பறம் மார்கழி. எந்த மாசம் வருவீங்கன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"நீ ஒரு நோட்டு!" என்றார். எங்கள் வீட்டில் அதுதான் பெரிய வசவு.

வாரண்டி அட்டையை எடுத்தேன். வாங்கிய ரசீதோடு பின் போட்டுத்தான் வைத்திருந்தேன். பெரும்பாலான வீடுகளில் அந்த அட்டை ஏசி வந்த அட்டைப்பெட்டியோடு பழைய சாமான்காரரிடம் போயிருக்கும். அதில் பொடி எழுத்தில் இருந்தது: மெஷின் முழுவதற்கும் ஒரு வருடம், கம்ப்ரஸருக்கு மட்டும் ஐந்து வருடம். அதாவது கம்ப்ரஸரே போயிருந்தாலும் அதற்குப் பதினாறாயிரத்து ஐநூறு நான் கொடுக்க வேண்டியதில்லை. கம்பெனி எண்ணைக் கூப்பிட்டேன். போனை எடுத்த பெண் மரியாதையாகப் பேசினார். கம்ப்ரஸர் இலவசம், ஆனால் கேஸும் கூலியும் போக்குவரத்தும் நம் செலவு. சீசன் நேரம் என்பதால் ஆள் வர ஏழு நாளிலிருந்து பத்து நாள் ஆகும்.

பத்து நாள்! புதன்கிழமை மதியம் அறைக்குள் சுவரே சுட்டது. ஒரு தம்ளர் தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் அவர் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார். வாளியில் ஐஸ் போட்டு மின்விசிறிக்கு முன்னால் வைத்தேன். பிரயோசனமில்லை. சாயங்காலம் பார்த்தால் அவருடைய பழைய ரெக்சின் பை கட்டிலின் மேல் இருந்தது. இரண்டு ஸ்வெட்டர், மங்கி குல்லா, இன்ஹேலர்.

"நாளைக்குக் காலையில பஸ்ஸு. மகன்கிட்ட சொல்லிட்டேன்."

"நான் வரமாட்டேன்."

"நீ வராட்டி நான் மட்டும் போறேன்."

"போங்க. அந்தப் பதினோரு நாளு நான் ஒக்காந்திருந்த ஸ்டூலு அங்கதான் கெடக்கும். இந்தத் தடவை அதுல வேற யாராச்சும் ஒக்காரட்டும்."

இப்படிப் பேசுவது பாவம் என்று தவக்காலத்தில் தெரியாமலில்லை. ஆனாலும் பேசினேன். மறுபடியும் பேசச் சொன்னாலும் பேசுவேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

களத்தில் மட்டை உரிக்கும் பெண் ஒருத்தி எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடிப்பாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள்தான் சொன்னாள்: "பால் சொசைட்டியில கூலர் பாக்க ஒருத்தர் வருவாரும்மா. ஆயிரக்கணக்கான லிட்டரு பாலு. அவர் ஏமாத்துனா ஊரே அடிக்கும். அவரக் கூப்பிடுங்க." நம்பரும் அவளே வாங்கித் தந்தாள். போனில், மறுநாள் பெரிய வியாழன் பத்து மணிக்கு வருகிறேன் என்றார் அவர். பஸ் பதினொன்றுக்கு.

இந்த இடத்தில் தார்ப்பாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மலையில் எதையும் மூடாமல் வைக்கமாட்டோம். விறகு, கேஸ் சிலிண்டர், ஸ்கூட்டர், வாசலில் இருக்கும் வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் நீலத் தார்ப்பாய் போட்டு, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுவோம். மேகம் தெருவில் இறங்கி நடக்கிற ஊரில் இரும்பை மூடாமல் வைப்பவள் குடித்தனம் தெரியாதவள். கீழே வந்த பிறகும் அந்தக் கை பழக்கத்தை விடவில்லை. ஏசியின் வெளிப்பெட்டியை ஐப்பசி மழைக்கு மூடினேன். மாசியில் மெஷினை ஓட்டத் தொடங்கியபோது, முன்பக்கம் காற்றாடிக்கு வழி வேண்டுமே என்று ஒரு சாண் தூக்கிக் கட்டினேன். மூன்று பக்கமும் மேலேயும் அப்படியே இருந்தது. வத்தலக்குண்டு மெக்கானிக் வருகிறார் என்றதும், வீட்டுக்கு ஆள் வந்தால் கொடியிலிருக்கும் துணியை எடுப்போமே, அதைப் போலக் கழற்றி மடித்து வைத்தேன். அவர் போனதும் மறுபடி கட்டினேன். பழுதான மெஷினாயிற்றே, மழை கிழை பெய்தால் இன்னும் கெட்டுப்போகுமே!

பால் சொசைட்டிக்காரர் பத்து மணி என்று சொல்லிவிட்டு எட்டரைக்கே வந்துவிட்டார். ஐம்பது வயதுக்கு மேல், லுங்கி, தோளில் கனமான பை. நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் வீட்டைச் சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டார். அங்கிருந்தே குரல் வந்தது.

"யாரும்மா இதுக்குச் சால்வை போத்திவிட்டது?"

"நான்தான். மழைக்கு."

"மழைக்கா? இது மழையில நனையிறதுக்குன்னே செஞ்ச பெட்டிம்மா. வீட்டுக்குள்ள இருக்க சூட்ட அள்ளிக் கொண்டாந்து வெளிய கொட்டுற சோலி இதுக்கு. பின்னால காத்த இழுக்கும், முன்னால துப்பும். நீங்க பின்னாலயும் மூடி, முன்னாலயும் முக்காடு போட்டா, துப்புன சூட்டயே மறுபடி இழுக்கும். நீங்க மலைக்காரங்களா?"

"எப்படித் தெரியும்?"

"பண்ணக்காட்டுல இருந்து வந்த வாத்தியார் ஒருத்தர் தண்ணி மோட்டாருக்குக் கம்பளி சுத்தி வச்சிருந்தாரு."

அவர் தார்ப்பாயைக் கழற்றி, மெயினை அணைத்து, மூடியைத் திறந்தார். பையிலிருந்து ஒரு மீட்டரை எடுத்தார். உள்ளேயிருந்து கட்டைவிரலைவிடத் தடிமனான ஓர் உருளையை உருவி என் கையில் வைத்தார். அதன் தலை மேடாகப் புடைத்திருந்தது.

"கெப்பாசிட்டர். வயிறு ஊதிக் கெடக்கு பாருங்க. கம்ப்ரஸர ஒரு தள்ளு தள்ளிக் கெளப்பிவிடுறது இதுதான். தள்ள ஆளில்ல, அதான் முக்கிட்டு நிக்குது. சூட்டுல போயிருக்கு. அதோட தோப்புல மோட்டார் ஓடுற நேரம் இங்க வோல்ட்டேஜும் எறங்கும். ஸ்டெபிலைசர் இருக்கா? இருக்கு, சரி."

"அப்ப கம்ப்ரஸர்?"

மீட்டரின் இரண்டு கம்பிகளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். "கம்ப்ரஸர் கல்லு மாதிரி இருக்கு. போச்சுன்னு யாரு சொன்னது?"

"முந்தாநாள் வந்தவர்."

"மீட்டர் வச்சுப் பாத்தாரா?"

"மீட்டரே கொண்டாரலையே" என்றது ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர். பஸ்ஸுக்குப் போட்ட சட்டையோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றிருந்தார். "தொட்டுப் பாத்துட்டு என்ஜின் போச்சுன்னு சொல்றான். வண்டி செல்ஃப் எடுக்கலேன்னா மொதல்ல பேட்டரியப் பாக்கணும்ல? அன்னைக்கே தெரியும் அவன் லட்சணம்."

"அன்னைக்கே தெரியுமா?" என்றேன்.

அவர் மறுபடி தென்னைமரத்தைப் பார்த்தார்.

"தெரிஞ்சா ஏன் வாயத் தொறக்கல?"

"சொன்னா சரியாயிருமே" என்றார்.

மெக்கானிக் குனிந்து ஒரு திருகாணியைத் தேட ஆரம்பித்தார். தேடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. இரண்டு நாள் அந்த வேக்காட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்த மனிதர், அதைத் தானாகவே விரும்பிக் கிடந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கெப்பாசிட்டரைத் தோப்புக்குள் எறிந்திருப்பேன். எறியவில்லை. ஏனென்றால் அவருடைய மூடிய வாயைப் போலவே என்னுடைய தார்ப்பாயும் அந்த மெஷினைக் கொல்லப் பார்த்தது. யார் யாரைத் திட்டுவது?

மெக்கானிக் புது கெப்பாசிட்டர் போட்டார். பக்கவாட்டுத் தகடுகளில் ஒட்டியிருந்த நார்த்தூசியைக் கம்பளம் போல உரித்தெடுத்தார். தண்ணீர் பாய்ச்சிக் கழுவினார். கேஸ் அளவு பார்த்தார், சரியாக இருந்தது. போன சித்திரையில் மூவாயிரத்து இருநூறு கொடுத்து கேஸ் போட்டதைச் சொன்னேன்.

"எங்க லீக்குன்னு காட்டுனாங்களா?"

"இல்ல. கொறைஞ்சிருச்சுன்னாங்க."

"இது என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர? உள்ளயே சுத்திச் சுத்தி வர்றது. கொறைஞ்சா ஓட்டை இருக்குன்னு அர்த்தம். ஓட்டைய அடைக்காம கேஸ் போட்டா ரெண்டு மாசத்துல மறுபடி வருவாங்க. ஓட்டையே இல்லாம போட்டிருந்தா, என்ன போட்டாங்கன்னு ஆண்டவருக்குத்தான் தெரியும். சோப்பு நுரை வச்சு ஜாயின்ட்டுல குமிழி வருதான்னு காட்டச் சொல்லுங்க. காட்டலேன்னா காசு குடுக்காதீங்க."

கெப்பாசிட்டர் நானூற்றைம்பது, கழுவியதும் கூலியும் சேர்த்து அறுநூறு. ஆயிரத்து ஐம்பது ரூபாய். நோட்டை நீட்டினேன். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வாங்கி, தேதி போட்டு, என்ன போனது, எதனால் போனது, என்ன மாற்றினார், எவ்வளவு என்று எழுதினார். கடைசி வரி: 'வீட்டுக்கார அம்மா தார்ப்பாய் போட்டு மூடினதால் சூடாகி விட்டது. இனி மூடக் கூடாது.' கையெழுத்து. அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. மற்றவர்கள் எழுத மறுத்ததை எழுதி வைக்கிறவள், என்னைப் பற்றி எழுதியதையும் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். மலையில் சிரிப்பவர்களுக்கு இதையும் சேர்த்துச் சிரிக்கக் கொடுக்கிறேன். ஆனால் இருபத்திரண்டாயிரத்துக்கும் ஆயிரத்து ஐம்பதுக்கும் நடுவில் இருந்தது ஒரு மீட்டரும், ஒரு கேள்வியும்தான். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள், எழுதித் தரச் சொல்லுங்கள், அட்டையில் எதற்கு எத்தனை வருடம் என்று படியுங்கள். சந்தேகம் என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நம் வீட்டுச் சுவரில் தொங்குவது நம் மெஷின்.

மெக்கானிக் மெயினைப் போட்டார். 'உம்ம்' என்றது. 'டக்' வரவில்லை. ஒரே சீரான இரைச்சல் தொடர்ந்தது. பத்து நிமிடத்தில் அறையிலிருந்து வந்த காற்றில் என் முழங்கைக்குக் குளிர் தெரிந்தது. மணி பத்தே முக்கால். மகன் போன் செய்தான். என் வீட்டுக்காரர் எடுக்கவில்லை, அடித்து ஓய்ந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போக இன்னும் நேரம் இருந்தது. நான் போங்கள் என்றும் சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன்.

மெக்கானிக் பையைத் தோளில் மாட்டினார். "ஐப்பசி மழைக்கு முந்தி ஒருக்கா தகட்டக் கழுவிரணும், தூசி அப்பிருச்சு இங்க. அப்ப வரட்டுமா? ஆள் இருப்பீங்கள்ல?"

கேள்வி என்னைப் பார்த்துத்தான் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு அது புரிந்திருக்க வேண்டும். மூச்சை ஒரு முறை இழுத்து விட்டுக்கொண்டார்.

"இருப்போம்" என்றார். "வெள்ளனே வாங்க, வெயிலுக்கு முந்தி. நீங்க கழட்டுறப்ப நான் பக்கத்துல நின்னு பாக்கணும்."

"பேஷா பாருங்க சார்" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமலேயே உள்ளே போய், அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். பதினொரு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தெருமுனையைத் தாண்டிப் போனது.